நம்ம ஊர்ல உக்காந்துகினு இன்டர்நேஷனல் ஏர்லைனுக்கு லைசென்ஸ் வாங்கறது எப்படி

போன பொங்கலுக்கு குடியாத்தம் போயிருந்தப்ப எங்க பெரிய மாமா ஒரு கேள்வி கேட்டாரு. அவரு ரெண்டு ரூட் பஸ் வச்சிருக்காரு, ஒரு காலத்துல சித்தூர் வரைக்கும் பெர்மிட் கேட்டு வருஷக்கணக்கா அலைஞ்ச மனுஷன். "ஏன்டா, காசு கீறவன் நாலு பிளேனு வாங்கி துபாய்க்கு உட்டா இன்னா? ஒரு லைசென்ஸ் தானே, வாங்கிகினு போவ வேண்டியதுதானே"ன்னாரு. நான் மெட்ராஸ்ல ஒரு வெளிநாட்டு ஏர்லைனோட ஏஜென்ட் ஆபீஸ்ல ஏழு வருஷம் இந்த பர்மிஷன் பேப்பர் வேலைதான் பாத்தேன், இப்ப காட்பாடில சின்னதா ஒரு டிக்கெட் கடை, சிஎம்சி வர்ற பேஷன்ட்டுங்களும் பேர்ணாம்பட்டு ஆம்பூர்ல இருந்து கல்ஃப் போறவங்களும்தான் கஸ்டமர். அவருக்கு வாசல்ல உக்காந்து சொன்னத கொஞ்சம் வரிசைப்படுத்தி எழுதறேன், நீங்க ஏர்லைன் ஆரம்பிக்கப் போறீங்களோ இல்லையோ, மெட்ராஸ்ல இருந்து ஏன் சில ஊருக்கு நேரா பிளேன் இருக்கு சில ஊருக்கு இல்லன்னாவது புரியும்.

மொதல்ல ஒண்ணு. லைசென்ஸ்னு ஒரே பேப்பர் கிடையாது. மாமாவுக்கு புரிய வச்சது இப்படித்தான்: வேலூர்ல இருந்து திருப்பதிக்கு நம்ம கவர்மென்ட் பஸ்ஸும் போகுது ஆந்திரா பஸ்ஸும் வருது, எப்படி? ரெண்டு மாநில அரசும் உக்காந்து பேசி, இந்த ரூட்ல நீ இத்தன பஸ் விடு நான் இத்தன பஸ் விடறேன்னு கையெழுத்து போட்டு வச்சிருக்காங்க. அந்த ஒப்பந்தத்துல இடம் இல்லன்னா உங்க பஸ்ஸு புதுசா பளபளன்னு இருந்தாலும் எஃப்சி இன்சூரன்ஸ் எல்லாம் பக்காவா இருந்தாலும் கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட்ட தாண்டி ரூட் பஸ்ஸா ஓட்ட முடியாது. "அட ஆமா, என்னிய அங்கதானே நிறுத்தினானுங்க"ன்னாரு மாமா. ஆகாயத்துலயும் அதே கததான், மாநிலத்துக்கு பதிலா நாடு.

இது எப்ப ஆரம்பிச்சதுன்னா 1944 டிசம்பர் 7, சிகாகோ. 52 நாடு கையெழுத்து போட்ட ஒப்பந்தம், அதுல மொத பிரிவே ஒவ்வொரு நாட்டுக்கும் அது தலைக்கு மேல இருக்கற வானம் முழுசா சொந்தம்னு சொல்லுது, 6வது பிரிவு என்னன்னா அந்த நாட்டோட அனுமதி இல்லாம டைம்டேபிள் போட்டு ஓட்டற சர்வீஸ் எதுவும் உள்ள வரக்கூடாது. அமெரிக்கா அப்பவே எல்லாரும் எங்க வேணா பறக்கலாம்னு கேட்டுப் பாத்துச்சு, மத்தவங்க ஒத்துக்கல, அதனால ரெண்டு ரெண்டு நாடா தனித்தனியா பேசிக்கறதுன்னு ஆகிப்போச்சு. 1946ல அமெரிக்காவும் பிரிட்டனும் பெர்முடாவுல போட்ட ஒப்பந்தம்தான் அப்புறம் வந்ததுக்கெல்லாம் அச்சு. இன்னிக்கு இந்தியாவுக்கு நூத்துக்கும் மேல நாடுங்களோட இந்த மாதிரி ஒப்பந்தம் இருக்கு.

ஆக நீங்க தாண்ட வேண்டிய கேட் மூணு. ஒண்ணு, நம்ம நாடு உங்கள ஒரு ஏர்லைன்னு ஒத்துக்கணும். ரெண்டு, நம்ம நாட்டுக்கு அந்த ஒப்பந்தத்துல கிடைச்சிருக்கற பங்குல இருந்து உங்களுக்கு கொஞ்சம் குடுக்கணும். மூணு, நீங்க போய் எறங்கப் போற அந்தப் பக்கத்து நாடு சரி வான்னு சொல்லணும். இதெல்லாம் முடிஞ்சப்புறம் ஏர்போர்ட்ல டைமிங்னு ஒரு தனி தலவலி இருக்கு, அத கடைசில சொல்றேன்.

மொத கேட்டுக்கு வருவோம். 1934ல போட்ட விமானச் சட்டம்தான் இத்தன வருஷம் ஓடிச்சு, 2025 ஜனவரி 1ல இருந்து பாரதிய வாயுயான் அதினியம் 2024னு புது சட்டம். சட்டம் மாறினாலும் ஆபீஸ் அதே ஆபீஸ்தான், டிஜிசிஏ, கிட்டத்தட்ட நம்ம ஆர்டிஓ மாதிரின்னு வச்சிக்கோங்க, அதுக்கு மேல டெல்லில விமானப் போக்குவரத்து அமைச்சகம். மொதல்ல கம்பெனி பதிவு பண்ணணும், இந்தியாவுலதான் அதோட முக்கிய ஆபீஸ் இருக்கணும், சேர்மனும் டைரக்டருங்கள்ல மூணுல ரெண்டு பங்கும் இந்தியக் குடிமக்களா இருக்கணும், சொந்தமும் பிடியும் இந்தியர்கள் கையில இருக்கணும். வெளிநாட்டு ஏர்லைன் ஒண்ணு பணம் போட்டா 49 சதவீதத்துக்கு மேல போட முடியாது. இந்த சொந்தம்-பிடி விஷயம் ஏதோ தேசபக்திக்கு வச்சதுன்னு நெனைக்காதீங்க, பின்னாடி மூணாவது கேட்ல அந்தப் பக்கத்து நாடு இதத்தான் கிளறும். நீ இந்தியா பேர்ல வர்ற ஆனா உன் ஓனர் வேற நாட்டுக்காரன்னா ஒப்பந்தப்படி உன்ன உள்ள விடாம இருக்க அவங்களுக்கு உரிமை இருக்கு.

அப்புறம் காசு. ஏர்பஸ் 320, போயிங் 737 மாதிரி 40 டன்னுக்கு மேல இருக்கற பிளேன்னா அஞ்சு பிளேன் வரைக்கும் 50 கோடி பெய்ட்-அப் கேபிடல், அதுக்கு மேல ஒவ்வொரு அஞ்சு பிளேனுக்கும் இன்னொரு 20 கோடி. ஏடிஆர் மாதிரி சின்ன பிளேன்னா 20 கோடில ஆரம்பிக்கலாம். மாமா இத கேட்டுட்டு "அவ்ளோதானா, வாலாஜா பக்கம் நெலம் வித்தாலே வந்துடுமே"ன்னாரு. அது பிளேன் வாங்கற காசு இல்ல மாமா, உள்ள நுழையறதுக்கு காட்டற காசு, பிளேன் வாடகை பைலட் சம்பளம் பெட்ரோல் எல்லாம் தனின்னு சொன்னதும் அமைதியாயிட்டாரு.

கம்பெனியும் காசும் ரெடின்னா அமைச்சகத்துல என்ஓசி கேட்டு போடணும். டைரக்டருங்க ஒவ்வொருத்தர பத்தியும் உள்துறை விசாரிக்கும். இந்த என்ஓசி கிடைச்ச அன்னிக்கு பேப்பர்ல "புது ஏர்லைனுக்கு அரசு அனுமதி"ன்னு போட்டுடுவாங்க, சொந்தக்காரன் எல்லாம் போன் பண்ணி எப்ப டிக்கெட்டுன்னு கேப்பான். அது பறக்கற அனுமதி இல்லைங்க, முயற்சி பண்றதுக்கு ஆட்சேபம் இல்லன்னு சொல்ற லெட்டர் மட்டும்தான். என்ஓசி வாங்கிட்டு ஒரு பிளேன் கூட எறக்காம காணாமப் போன கம்பெனி நம்ம நாட்டுல நெறைய.

நெசமான லைசென்ஸ் ஏஓசி, ஏர் ஆபரேட்டர் சர்டிபிகேட். இது அஞ்சு கட்டமா நடக்கும்: மொதல்ல டிஜிசிஏ கூட ஒரு முன்பேச்சு, அப்புறம் முறையான அப்ளிகேஷன், அப்புறம் உங்க மேனுவல்கள அவங்க வரி வரியா படிக்கறது, அப்புறம் நேர்ல செஞ்சு காட்டறது, கடைசியா சர்டிபிகேட். ஆளுங்க யாரோ அவங்களும் பேர் பேரா ஒப்புதல் வாங்கணும், எல்லாத்துக்கும் பொறுப்பான அக்கவுன்டபிள் மேனேஜர், ஆபரேஷன்ஸ் பாக்கறவர், மெயின்டனன்ஸ் பாக்கறவர், சேஃப்டி, ட்ரெயினிங், செக்யூரிட்டி. இங்க மாட்டறது பெரும்பாலும் மூணாவது கட்டத்துல, ஏன்னா வேற ஏர்லைனோட மேனுவல காப்பி அடிச்சு பேர மட்டும் மாத்திக் குடுக்கறவங்க இருக்காங்க, தங்ககிட்ட இல்லாத பிளேனுக்கு எப்படி கதவு தொறக்கறதுன்னு அதுல எழுதியிருக்கும். நாலாவது கட்டத்துல ப்ரூவிங் ஃப்ளைட்னு ஒண்ணு உண்டு, பயணி இல்லாம, டிஜிசிஏ ஆளுங்கள உக்கார வச்சிகினு நெசமான ரூட்ல ஓட்டிக் காட்டணும்.

இதெல்லாம் எவ்வளவு நாள் ஆகும்னு கேட்டா, நல்லா பணமும் அனுபவமும் இருக்கற கம்பெனிக்கே எவ்வளவுன்னு ஆகாசா ஏர் கணக்க பாருங்க. 2021 அக்டோபர்ல என்ஓசி, 2022 ஜூன்ல மொத பிளேன் வந்துச்சு, ஜூலைல ஏஓசி, ஆகஸ்ட் 7ஆம் தேதி மும்பை-அகமதாபாத் மொத சர்வீஸ். அது உள்நாடுதான். வெளிநாட்டுக்கு மொத ஃப்ளைட் மும்பைல இருந்து தோகா, 2024 மார்ச் 28. நடுவுல ஒன்றரை வருஷத்துக்கு மேல எதுக்குன்னா அங்கதான் நம்ம நாட்டு ரூல் ஒண்ணு வருது.

முன்ன இதுக்கு 5/20ன்னு பேரு, அஞ்சு வருஷம் உள்நாட்டுல ஓட்டியிருக்கணும், 20 பிளேனாவது வச்சிருக்கணும், அப்பதான் வெளிநாட்டுக்கு. இண்டிகோ 2006 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சு 2011 செப்டம்பர்லதான் துபாய்க்கு போனதுக்கு காரணம் இதான். 2016 பாலிசில அஞ்சு வருஷத்த எடுத்துட்டாங்க, 20 பிளேன், இல்லன்னா மொத்த கெபாசிட்டில 20 சதவீதம், இதுல எது அதிகமோ அத்தனைய உள்நாட்டுல ஓட்டணும், அது போதும்னு ஆக்கிட்டாங்க. ஆகாசா 2023 ஆகஸ்ட்ல 20வது பிளேன எறக்கிச்சு, அதுக்கப்புறம்தான் வெளிநாட்டு கதவு தொறந்துச்சு. என்ன கேட்டா அந்த 20ம் தேவையில்லாததுதான், துபாய்ல சின்னதா ஆரம்பிக்கற ஏர்லைனுக்கு இப்படி ஒரு ரூல் கிடையாது, நம்மாளுங்களுக்கு மட்டும் நாமளே கால்ல கல்ல கட்டி விடறோம். அதனால மாமா, நாலு பிளேனோட துபாய்னு பேசறத இங்கயே விட்டுடுங்க.

ரெண்டாவது கேட், இதான் நெசமான விஷயம். டிராஃபிக் ரைட்ஸ்னு சொல்லுவாங்க. அமைச்சகத்துக்கு எழுதி, இந்த ஊர்ல இருந்து இந்த ஊருக்கு வாரத்துக்கு இத்தன சீட் வேணும்னு கேக்கணும். அவங்க ஒப்பந்தத்த பாத்து மிச்சம் இருந்தா ஒதுக்கிட்டு, உங்கள இந்தியா சார்பா ஓட்டற கம்பெனின்னு அந்த நாட்டுக்கு தூதரகம் வழியா லெட்டர் அனுப்புவாங்க, அதுக்கு டெசிக்னேஷன்னு பேரு. மிச்சம் இருந்தான்றதுதான் இங்க உயிர். துபாய்க்கு ரெண்டு பக்கமும் வாரத்துக்கு ஏறக்குறைய 65,000 சீட்னு ஒரு அளவு இருக்கு. அது துபாய்க்கு மட்டும், அபுதாபிக்கும் ஷார்ஜாவுக்கும் தனித்தனி கணக்கு, நாடு ஒண்ணா இருந்தாலும். துபாய்க்காரங்க பல வருஷமா இந்த அளவ ஏத்துங்கன்னு கேட்டுகினே இருக்காங்க, டெல்லி அவ்வளவு சுலபத்துல ஏத்தல. ஏன்னா அந்த சீட்ல போறவன்ல ஏகப்பட்ட பேரு துபாய்க்கு போறவன் இல்ல, அங்க மாறி லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போறவன், அந்த பயணி நம்ம ஏர்லைன்ல நேரா போகட்டும்னு ஒரு கணக்கு. சரியா தப்பான்னா, ஏர்லைனுக்கு சரி, என் கடைக்கு டிக்கெட் கேட்டு வர்ற பேர்ணாம்பட்டு பையனுக்கு தப்பு, ரம்ஜான் லீவுக்கு டிக்கெட் வெல ஏறும்போது அவன் மொகத்த நான்தானே பாக்கறேன்.

எல்லா நாட்டோடவும் இப்படி இறுக்கம் இல்ல. 2016 பாலிசிப்படி சார்க் நாடுங்களுக்கும், டெல்லில இருந்து 5,000 கிலோமீட்டருக்கு அப்பால இருக்கற நாடுங்களுக்கும் பரஸ்பரம் ஒத்துகிட்டா அளவே இல்லாம தொறந்து விடலாம். டாக்கால இருந்து மெட்ராஸ் வந்து எறங்கி டாக்ஸி புடிச்சு சிஎம்சி வர்ற குடும்பங்கள பாத்திருப்பீங்க. கல்ஃப் அந்த 5,000 வட்டத்துக்கு உள்ள வருது, அதனாலதான் கல்ஃப்க்கு இவ்வளவு சண்டை.

சீட் எண்ணிக்கை மட்டும் இல்ல, என்ன மாதிரி ஏத்தலாம் எறக்கலாம்னும் ஒப்பந்தத்துல இருக்கும், அதுக்கு ஃப்ரீடம்னு நம்பர் போட்டு பேசுவாங்க. ஒண்ணு, உன் தலைக்கு மேல பறந்து போய்க்கறேன். ரெண்டு, எறங்கி பெட்ரோல் போட்டுக்கறேன், ஆள் ஏத்தல. மூணு, என் ஊர்ல இருந்து உன் ஊருக்கு ஆள் கொண்டாந்து எறக்கறது. நாலு, உன் ஊர்ல இருந்து என் ஊருக்கு ஏத்திக்கினு போறது. இந்த மூணும் நாலும்தான் எல்லா ஒப்பந்தத்துலயும் சோறு, மத்தது எல்லாம் பொரியல். அஞ்சு, போற வழில இன்னொரு நாட்டுல நிறுத்தி அங்கயும் ஆள் ஏத்தறது, எமிரேட்ஸ் துபாய்ல இருந்து மிலான் வழியா நியூயார்க் போகும்போது மிலான்ல ஏத்துதே அது. ஆறு, மேல சொன்ன துபாய்ல மாத்தி விடற வேலை. கடைசில ஒன்பதுன்னு ஒண்ணு இருக்கு, அடுத்தவன் நாட்டுக்கு உள்ளயே ஊர் விட்டு ஊர் ஓட்டறது, அத யாரும் லேசுல குடுக்க மாட்டாங்க. ஆந்திரா பஸ்ஸு காட்பாடில ஏறி வேலூர்ல எறங்கறவன ஏத்திக்கும், கண்டக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டாரு. வெளிநாட்டு ஏர்லைன் மெட்ராஸ்ல ஆள் ஏத்தி டெல்லில எறக்கினா அது வேற மாதிரி ஆயிடும்.

மூணாவது கேட், அந்தப் பக்கம். லேசான நாடும் இருக்கு, உயிர எடுக்கற நாடும் இருக்கு. அமெரிக்கான்னா போக்குவரத்துத் துறைல ஃபாரின் கேரியர் பெர்மிட் ஒண்ணு, அவங்க ஊரு டிஜிசிஏ மாதிரி இருக்கற எஃப்ஏஏல பார்ட் 129னு ஒண்ணு, ரெண்டும் வேணும். ஐரோப்பான்னா டிசிஓன்னு ஒரு சேஃப்டி அனுமதி. இதுல ஒரு விஷயம் மாமாவுக்கு ரொம்ப புடிச்சுது. 2014 ஜனவரி 31ஆம் தேதி அமெரிக்கா விமான சேஃப்டி மேற்பார்வைல இந்தியாவ கேட்டகிரி 2ன்னு கீழ் வரிசைக்கு எறக்கிடுச்சு, நம்ம ஏர்லைனுங்க அமெரிக்காவுக்கு புதுசா ஒரு ஃப்ளைட் கூட சேக்க முடியல, 2015 ஏப்ரல்லதான் திரும்ப ஏத்தினாங்க. ஏர்லைன் மேல தப்பு இல்ல, டிஜிசிஏல போதுமான இன்ஸ்பெக்டருங்க இல்லன்றதுதான் பெரிய கொறை. "பஸ்ஸு நல்லாதான் கீது, ஆர்டிஓ ஆபீஸ்ல ஆள் இல்லன்னு பஸ்ஸ நிறுத்தினானா"ன்னு சிரிச்சாரு. அதேதான்.

இப்ப இதையே திருப்பிப் போட்டா வெளிநாட்டு ஏர்லைன் மெட்ராஸ் வர்ற கத, நான் பாத்த வேலை இதான். அவங்க நாடு அவங்கள டெசிக்னேட் பண்ணி தூதரகம் வழியா லெட்டர் அனுப்பணும், அதுக்கப்புறம் டிஜிசிஏல ஃபைல் போடணும்: அவங்க நாட்டு ஏஓசி, யார் ஓனர்னு காட்டற பேப்பர், இன்சூரன்ஸ், செக்யூரிட்டி ப்ரோக்ராம், இந்த செக்யூரிட்டிய பிசிஏஎஸ்னு தனி ஆபீஸ் பாக்கும். இங்க ஆபீஸ் வைக்கறதுக்கு ரிசர்வ் பேங்க் ரூல், வரி, கிரவுண்ட் ஹேண்டலிங் ஒப்பந்தம் எல்லாம் கூடவே ஓடணும்.

இதுல யாரும் சொல்லித் தராத ஒண்ணு சொல்றேன், எல்லா பேப்பர்லயும் கம்பெனி பேரு எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும். ஒரு தடவை டெசிக்னேஷன் லெட்டர்ல முழுப்பேரு, இன்சூரன்ஸ்ல கடைசில வர்ற லிமிடெட் விட்டுப்போச்சு, ஏஓசில வியாபாரப் பேரு மட்டும். மூணும் ஒரே ஏர்லைன்தான்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா ஃபைல் திரும்பி வந்துடுச்சு, இன்சூரன்ஸ் கம்பெனி வெளிநாட்டுல, அவங்களுக்கு அன்னிக்குன்னு பார்த்து ஒரு வாரம் லீவு. எங்க மேனேஜர் என்ன பாத்த பார்வை இன்னும் மறக்கல. அன்னில இருந்து மொதல்ல ஒரு வெள்ளத்தாள்ல பேர எழுதி மேசைல ஒட்டி வச்சிகினு ஒவ்வொரு பேப்பரையும் அதோட ஒத்துப் பாப்பேன். அதே மாதிரி இன்சூரன்ஸ் முடியற தேதி சீசன் நடுவுல விழுந்தா முன்னாடியே புதுப்பிச்சு அனுப்பிடுங்க, கேக்கட்டும்னு காத்திருக்காதீங்க.

சீசன்னு சொன்னேன்ல, ஏர்லைன் உலகத்துல வருஷத்துக்கு ரெண்டே சீசன். மார்ச் கடைசி ஞாயிறுல சம்மர், அக்டோபர் கடைசி ஞாயிறுல வின்டர். ஒவ்வொரு சீசனுக்கும் டைம்டேபிள டிஜிசிஏல குடுத்து ஒப்புதல் வாங்கணும், அதுக்கு முன்னாடி ஏர்போர்ட்ல ஸ்லாட், அதாவது பிளேன் எறங்கறதுக்கும் கெளம்பறதுக்கும் குடுக்கற டைமிங், கையில இருக்கணும். டிராஃபிக் ரைட்ஸ் இருந்தா ஸ்லாட் தானா வந்துடும்னு நெனைக்கறவங்க இருக்காங்க, வராது, ரெண்டும் வேற வேற ஆளு குடுக்கறது. பஸ் ஸ்டாண்ட் டைமிங் சண்டை மாதிரியேதான், பெர்மிட் இருக்கும், காலைல 8 மணி டைம் இன்னொருத்தன் கையில இருக்கும், உங்களுக்கு ராத்திரி ரெண்டரைதான் கிடைக்கும். ரெண்டு பக்க ஏர்போர்ட்லயும் ஒத்துப்போற நேரமா வேற அமையணும்.

தோல் கம்பெனிக்காரங்க கேக்கறதுக்காக சரக்கு பத்தி ரெண்டு வரி: சரக்கு மட்டும் ஏத்தற பிளேனுக்கு ரூல் 1990ல இருந்தே தளர்வு. ஆனா 2020ல இருந்து வெளிநாட்டு சரக்கு பிளேன் அப்பப்ப சார்ட்டரா வந்தா ஆறு ஊர்லதான் எறங்கலாம், டெல்லி மும்பை கொல்கத்தா பெங்களூர் ஹைதராபாத் மெட்ராஸ். ஆம்பூர் மேல்விஷாரம் ஆளுங்களுக்கு மெட்ராஸும் பெங்களூரும் ரெண்டு பக்கமும் இருக்கறதால பெரிய நஷ்டம் இல்ல.

அப்துல்லாபுரத்துல நம்ம ஏர்போர்ட் இருக்கே அங்க இருந்து விடலாமேன்னு அத்தை உள்ள இருந்து குரல் குடுத்தாங்க. அங்க ஓடுபாதை ஒரு கிலோமீட்டர் கூட இல்ல, சின்ன பிளேனுக்கானது. வெளிநாட்டுக்கு விடணும்னா நீளமான ஓடுபாதை மட்டும் போதாது, கஸ்டம்ஸ் ஏர்போர்ட்னு அரசு அறிவிக்கணும், இமிக்ரேஷன் கவுன்டர் போடணும், ஒப்பந்தத்துல வெளிநாட்டு ஏர்லைன் வரலாம்னு எழுதியிருக்கற ஊர் லிஸ்ட்ல நம்ம ஊர் பேரு ஏறணும். அந்த லிஸ்ட்டுக்காக மதுரைக்காரங்க எவ்வளவு நாளா கத்தறாங்கன்னு தெரியும்ல.

ஏர்லைன் ஆரம்பிக்கற ஐடியா இல்லாதவங்களுக்கும் இதுல ஒரு உபயோகம் இருக்கு. புது ஏர்லைன்ல வேலை, கேபின் க்ரூ, கிரவுண்ட் ஸ்டாஃப், டெபாசிட் கட்டுன்னு யாராவது சொன்னா காச எடுக்கறதுக்கு முன்னாடி ஏஓசி நம்பர் கேளுங்க. என்ஓசி இருக்குன்னு சொன்னா மேல எழுதினத ஞாபகம் வச்சிக்கோங்க. டிஜிசிஏ வெப்சைட்ல அனுமதி வாங்கின ஏர்லைனுங்க லிஸ்ட் இருக்கு, அதுல பேரு இருக்கான்னு பாருங்க, பேரு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகுதான்னும் பாருங்க. டிக்கெட் எடுக்கும்போது யாரோட பிளேன் ஓடுதுன்னு சின்ன எழுத்துல போட்டிருக்கும், பேரு ஒருத்தன்து பிளேன் இன்னொருத்தன்துன்னா அது கோட்ஷேர், அதுல தப்பு இல்ல, ஆனா பெட்டி தொலஞ்சா ரெண்டு பேர்ல யார்கிட்ட போய் நிக்கணும்னு டிக்கெட் எடுக்கறப்பவே கேட்டு வச்சிக்கோங்க.